டவுன்ஹால் ரோடு பணமாற்றுக் கடை: தாராளமாகப் போகலாம்

ஷார்ஜாவிலிருந்து தம்பி லீவுக்கு வந்தால் திர்ஹாம் மாற்ற நான்தான் போவேன். டவுன்ஹால் ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை. வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் பலகையில் போட்டிருக்கிறார்கள். கேட்காமலே ரசீது தருகிறார்கள். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

கல்லாவில் இருப்பவர் பொறுமையாக விளக்கவும் செய்வார். "திர்ஹாமை 1997-லிருந்து டாலருக்கு 3.6725 என்று கட்டி வைத்திருக்காங்க அக்கா. டாலர் ஏறினா இதுவும் கூடவே ஏறும்." சிங்கப்பூர் வெள்ளி அப்படியில்லை. அங்குள்ள நாணய ஆணையம் பல நாட்டுப் பணத்தோடு ஒப்பிட்டு அதை நகர்த்துகிறது. நம் ரூபாய் சந்தையின் கையில்; ரொம்ப ஆடினால் ரிசர்வ் வங்கி டாலரை விற்றோ வாங்கியோ தலையிடும்.

வெளிநாட்டுக்கு நாம் விற்கும் சரக்கைவிட வாங்குவதுதான் அதிகம். கச்சா எண்ணெய், தங்கம் என்று பெரும்பாலும் டாலரில் கொடுக்க வேண்டும். ரூபாய் இறங்க அதுவும் ஒரு காரணம். தம்பி காசுக்குக் கூடுதலாக ரூபாய் கிடைக்கும் அதே நாளில், எண்ணெய்க்கு நாடு கூடுதலாகக் கொடுக்கிறது. எனக்கு முழுசாகச் சந்தோஷப்பட முடிவதில்லை.

குறை என்றால், உட்கார இடமில்லை. பேனாவால் கிறுக்கிய நோட்டு, நாணயம் இரண்டையும் வாங்க மாட்டார்கள். அப்புறம், பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். இலங்கை ரூபாய் வைத்திருப்பவர்கள் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.