அக்காவா, சாரா?

நான் இரண்டு பேரிடம் மனநலக் கவுன்சிலிங் போயிருக்கிறேன். இருவருமே புதுச்சேரியில். கடலூரில் போனால் நான் மஞ்சக்குப்பத்தில் பஸ் இறங்குவதற்குள் விஷயம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். முதலாமவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவரே அப்படிக் கூப்பிடச் சொன்னார். இரண்டாமவர் வெறும் சார். யாரிடம் போகலாம் என்று விசாரிக்கிறவர்கள் எல்லோரும் "அன்பாப் பேசுவாங்களா?" என்றே ஆரம்பிப்பதால் அதை மட்டும் வைத்து அலசுகிறேன்.

அக்காவிடம் ஒரு மணி நேரம் என்பது சில நாள் இரண்டு மணி நேரம் ஓடும், கையில் காசில்லை என்றால் "அப்புறம் குடு". 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி, கரண்ட் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது அவரிடமிருந்து போன்: "தண்ணி உள்ள வந்துடுச்சா, சாப்பிட்டியா?" என் கூடப்பிறந்த அண்ணன் அன்று கூப்பிடவில்லை. அழுதுவிட்டேன்.

சாரிடம் சரியாக 50 நிமிடம். காய்ச்சலில் ஒரு வாரம் போகவில்லை, ஒரு போன் கிடையாது. அடுத்த வாரம் போய் உட்கார்ந்ததும் கேட்டார்: "நான் கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்தீர்களா?" எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அன்று முழுக்க என் அப்பாவைப் பற்றித்தான் பேசினேன்.

இருவருக்கும் பண்ருட்டிப் பலாப்பழம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன் (பஸ் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டது தனிக்கதை). அக்கா சந்தோஷமாக வாங்கி, அங்கேயே அறுத்து எனக்கும் சுளை கொடுத்தார். சார் பழத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, "போன வாரம் என்மேல் கோபமாகப் போனீர்களே, இன்று பழம் எதற்கு?" என்றார். எனக்கு யார்மேல் கோபம் வந்தாலும் உடனே ஏதாவது வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கிற பழக்கம் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஆலோசகர் அன்பைக் காட்டலாமா, தள்ளி நிற்க வேண்டுமா என்கிற இந்தச் சண்டை பழையது. நோயாளிக்கு மருத்துவர்மேல் காதலே வந்தாலும் அதற்குப் பதில் காதல் காட்டக்கூடாது, அடக்கிக்கொள் என்று அதட்டவும் கூடாது, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்று, பேசவைத்தே மனதை ஆராயும் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்ட் 1915இல் எழுதினார். மந்திரம் போட்டுப் பேயை வரவழைத்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் திருப்பி அனுப்பலாமா என்பது அவர் வாதம். அவருடைய சீடர் ஃபெரன்சிக்கு இந்த விறைப்பு பிடிக்கவில்லை. நோயாளிக்குக் குழந்தைப் பருவத்தில் கிடைக்காத பரிவைக் கொடுக்கப் பார்த்தார், கடைசியில் தானும் நோயாளியும் மாறி மாறி ஒருவரையொருவர் ஆராய்கிற அளவுக்குப் போய், அதில் வந்த சிக்கல்களையும் 1932 நாட்குறிப்பில் அவரே எழுதிவைத்தார். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல், வந்தவரை நிபந்தனையில்லாமல் மதித்து ஏற்பது குணமாவதற்கு அவசியம் என்றார். ஆனால் ஏற்பது வேறு, சொந்தக்காரராகிவிடுவது வேறு.

அக்கா ஒருநாள் தன் வீட்டுக்காரரைப் பற்றி அரை மணி நேரம் சொல்லி அழுதார். நான்தான் ஆறுதல் சொன்னேன். அதற்குப் பிறகு அவரிடம் எதைச் சொன்னாலும் வருத்தப்படுவாரோ என்று யோசிக்க ஆரம்பித்தேன், மறுபடி குடிக்கத் தொடங்கியதை நான்கு மாதம் மறைத்தேன். சாரிடம் அதே விஷயத்தை மூன்றாவது வாரமே சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்பட்டால் அது அவர் பாடு என்கிற தைரியம்தான், வேறென்ன.

அதற்காக எல்லோரும் சார் மாதிரி ஆளிடமே போங்கள் என்று சொல்ல மாட்டேன். நான் முதலில் அவரிடம் போயிருந்தால் இரண்டாவது வாரமே நின்றிருப்பேன், மனிதர்மேல் நம்பிக்கை வந்ததே அக்காவால்தான். ஆனால் காதல் என்று கை நீட்டுகிற ஆலோசகர் என்றால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள், அதில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை, சிகிச்சை முடிந்த பிறகும் குறைந்தது 2 ஆண்டுக்கு உடலுறவு கூடாது என்கிறது.

அக்காவுக்கு இப்போதும் பொங்கலன்று போன் செய்கிறேன். சார் நம்பரும் போனில் இருக்கிறது, அப்பாயின்ட்மென்ட் மாற்றுவதற்கு.