ஜோஜோபா எண்ணெயுடன் மூன்று பனிக்காலம்

நுவரெலியாவில் தை, மாசி வந்துவிட்டால் என் கன்னம் வெளுத்து, செதில் செதிலாக உரியும். இரவில் புல்லில் உறைபனி, பகலில் சுள்ளென்று வெயில், இடையில் ஈரமே இல்லாத காற்று. கிறீம் பூசிக்கொண்டு பாடசாலைக்குப் போனால் இரண்டாம் பாடம் முடிவதற்குள் முகம் மறுபடி இழுக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் கொழும்பில் வேலை செய்யும் தங்கச்சி 30 மில்லிலீற்றர் ஜோஜோபா எண்ணெய் வாங்கி வந்தாள். முதல் இரண்டு வாரம் ஒரு பலனும் இல்லை. மேலே மினுமினுப்பு, உள்ளே அதே இழுப்பு. காய்ந்த முகத்தில் பூசியதுதான் தவறு. எண்ணெய் என்று சொன்னாலும் இது உண்மையில் திரவ மெழுகு. தோலுக்குக் கொடுக்க இதனிடம் தண்ணீர் கிடையாது, இருக்கிற ஈரம் பறந்துவிடாமல் மூடிவைக்கத்தான் தெரியும். அதனால் இப்போது முகம் கழுவி, துவாயால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே மூன்று சொட்டை உள்ளங்கையில் தேய்த்து அழுத்திப் பூசுகிறேன். அப்படிச் செய்யத் தொடங்கிய ஒரு வாரத்திலேயே செதில் நின்றது. நம் தோலில் ஊறும் எண்ணெயிலும் இதே வகை மெழுகு இருப்பதால் பிசுபிசுப்பு இல்லை.

அரிசோனா, கலிபோர்னியா, மெக்சிகோ பக்கத்துச் சொனோரன் பாலைவனத்துச் செடி இது. உச்சி வெயில் நேராக விழாதபடி இலைகள் நிமிர்ந்தே நிற்கும், அவற்றின் மேலும் மெழுகுப் பூச்சு. விதையின் எடையில் ஏறக்குறைய பாதி இந்த எண்ணெய்தான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கில எண்ணெய்க்குத் தடை போட்ட பிறகு, அதற்குப் பதிலாக இதைத் தோட்டம் போட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். இதை அறிந்தபோது எனக்கு அந்தப் போத்தல்மேல் ஒரு தனி மதிப்பு வந்தது.

முதல் பனிக்காலத்தில் ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் பொன்னிறமாக இருந்த எண்ணெய் கலங்கி, அடியில் களிம்பு போலக் கட்டியிருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று வீசப் போனேன். அம்மா கையைப் பிடித்தார். "தேங்காய் எண்ணெயும்தான் உறையுது, அதைக் கொட்டிடுறோமா? வெயில்ல வைம்மா." ஜன்னலோரம் வைத்தேன், பத்து மணிக்குப் பழையபடி தெளிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், ஜோஜோபா 10 பாகையை ஒட்டி. எங்கள் பனி அதையும் தாண்டிப் போகிறது.

அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். விரல் நுனியெல்லாம் கறுப்புக் கறை, அந்தக் கறைக்குள் ஊசியால் கீறியது போல மெல்லிய வெடிப்புகள். உப்புப் பட்டால் துடித்துப்போவார். இரவில் கை கழுவிய கையோடு பூசிவிட்டேன். பத்து நாளில் மெல்லிய வெடிப்புகள் மூடிக்கொண்டன. கறை அப்படியே இருக்கிறது, அதற்கு இது மருந்தில்லை. குதிகால் பித்தவெடிப்புக்கும் இது போதவில்லை. அதற்கு வாசலின் பூசிக் காலுறை போடுவதுதான் சரி.

விலை கூடத்தான், ஆனால் முகத்துக்கு மட்டும் என்றால் ஒரு போத்தல் எனக்கு நாலு மாதம் வரும். புதிதாக வாங்குபவர்கள் முதலில் முன்கையில் கொஞ்சம் பூசி ஒரு நாள் பாருங்கள். என் வீட்டில் இப்போது இரண்டு போத்தல். அம்மாவுடையது அடுப்படியில், சூடு படும் தட்டில் இருக்கிறது.