ஏழு ஸ்வரம், ஆறு தந்தி, நான்கு விரல்

சி13 என்ற கார்டை (chord, ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) முழுதாக எழுதினால் சி, இ, ஜி, பி ஃபிளாட், டி, எஃப், ஏ என ஏழு ஸ்வரங்கள் வரும். சி-யை ஸட்ஜமாக வைத்தால் இது ஹரிகாம்போதி ராகமேதான். ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சி-யை 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே போனால் 9 மேல் ஸ்தாயி ரிஷபம், 11 மத்யமம், 13 தைவதம். கிடாரில் தந்தி ஆறு, பிடிக்கும் விரல் நான்கு. எதை விடுவது என்பதில்தான் கிடார் வாசிப்பவர்களிடையே மூன்று கட்சி.

முதல் கட்சிக்கு எந்தத் தந்தியையும் விட மனம் வராது. எட்டாம் ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது கிடார் கழுத்தின் குறுக்குக் கட்டை) ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து (இதுதான் பார் பிடி), மூன்றாம் தந்தியின் 9-இல் நடுவிரலும் ஐந்தாம் தந்தியின் 10-இல் மோதிர விரலும் வைத்து, சுண்டுவிரலை முதல் தந்தியின் பத்தாம் ஃபிரெட்டுக்கு நீட்டினால் ஆறு தந்தியிலும் சி9, அதாவது 9 வரை மட்டும் அடுக்கிய கார்டு, ஒலிக்கும். சேலம் அஸ்தம்பட்டியில் கற்கத் தொடங்கிய காலத்தில் நானும் இந்தக் கட்சிதான். கல்யாணக் கச்சேரியில் கீபோர்டின் இடக்கையும் பேஸ் கிடாரும் சேர்ந்துகொண்டபோது எல்லாம் கூழாகிவிட்டது. அந்தப் பிடியில் ஜி இரண்டு முறை வருகிறது. முதலில் விடவேண்டிய ஸ்வரமே அதுதான். ஜி, அதாவது பஞ்சமம், கார்டின் குணத்தைச் சொல்வதில்லை.

குணத்தைச் சொல்பவை காந்தாரமும் (இ) நிஷாதமும் (பி ஃபிளாட்). நம் ஊர் தட்டுவடை செட்டில் இரண்டு தட்டு எப்படியோ அப்படி. நடுவே பீட்ரூட்டா, கேரட்டா, எந்தச் சட்னி என்பது பிறகு. இரண்டாம் கட்சி இதைப் புரிந்துகொண்டது: சி, இ, பி ஃபிளாட் என்ற கூட்டின் மேல் ஒரே ஒரு வண்ணம். ஐந்தாம் தந்தியில் 3-ஆம் ஃபிரெட், நான்காவதில் 2, அடுத்த இரண்டிலும் 3. சி9 வந்துவிட்டது. 13-ஐச் சேர்க்கும்போது 11-ஐ விட்டுவிடுவார்கள். அந்தர காந்தாரத்துக்கு (இ) மேல் சுத்த மத்யமம் (எஃப், அதாவது 11) அடுத்தடுத்துப் பாடினால் இனிக்கும். கார்டில் ஒரே நேரத்தில் ஒலித்தால் குத்தும்.

இந்தக் கட்சியின் அழகு கார்டு மாறும்போது தெரியும். டி மைனர் 9, ஜி13, சி மேஜர் 9 என்று போய்ப் பாருங்கள். அடித் தந்தியை விடுத்து, நான்கு, மூன்று, இரண்டாம் தந்திகளில் எஃப்-சி-இ, பிறகு எஃப்-பி-இ, பிறகு இ-பி-டி. முதல் மாற்றத்தில் நகர்வது ஒரே ஸ்வரம், அதுவும் அரை ஸ்வரம்தான். பார் பிடியில் இதே மூன்றுக்கும் கை மேலும் கீழும் ஓடும்.

மூன்றாம் கட்சி ஸட்ஜத்தையே கழற்றிவிடும். நான்காம் தந்தியில் 2, மற்ற மூன்றிலும் 3. சி-யை பேஸ் கிடார்காரர் பார்த்துக்கொள்வார். குழுவில் வாசித்தால் இதைவிடச் சுத்தமான ஒலி இல்லை. இதை நம்பி ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட வீட்டு முற்றத்தில், பாட ஒருவர், வாசிக்க நான் ஒருவன் என்று உட்கார்ந்தேன். பாடியவர் இரண்டு முறை சுருதி தேடி நின்றார். பிழை அவருடையதல்ல. ஜி மைனர் 6 பிடிப்பதும் இதே விரல்கள்தாம். அடியில் சி இல்லாதபோது காது அப்படித்தான் கேட்கும்.

ஆக, தனியாக உட்கார்ந்தால் இரண்டாம் கட்சி, பேஸ் இருந்தால் மூன்றாவது. முதல் கட்சியின் பிடியை இப்போது எடுப்பது, மைக் இல்லாத இடத்தில் கடைசி வரிசை வரை கேட்கவேண்டும் என்றால் மட்டும்.