ஈசிஆர் பக்கம் "கடற்கரை ஸ்பெஷல்" குரோட்டன்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

திருவான்மியூர்ல ஆரம்பிச்சு முட்டுக்காடு வரைக்கும் பீச்சுக்குப் பக்கமா வீடோ ஃப்ளாட்டோ வச்சிருக்கவங்க, மொட்டை மாடியில கலர் கலரா தொட்டி வச்சா நல்லாருக்குமேன்னு யோசிச்சிட்டு இருக்கவங்க, உங்களுக்குத்தான் இது. உப்புக் காத்தத் தாங்கும்னு சொன்னத நம்பி ஒரு நர்சரில குரோட்டன்ஸ் (கலர் இலைச் செடி) வாங்கி ஏமாந்த கதை. கடை பேரு போடல, விவகாரம் இன்னும் முடியல. ஆனா இதே டயலாக்க வேற கடையிலயும் பேசறாங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது, அதனால பேர விட என்ன பண்ணாங்கன்றதுதான் உங்களுக்கு உதவும்.

ரோட்டோரமா பெரிய நர்சரி, வாசல்ல புத்தர் சிலை, ஃபவுன்டன், உள்ள பச்ச ஷேட் நெட்டுக்குக் கீழ வரிசையா குரோட்டன்ஸ். பெட்ரா, கோல்ட் டஸ்ட், இலை முறுக்கிட்டு இருக்குமே மம்மி, இப்படி விதவிதமான வெரைட்டி, எல்லாம் எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு. மாதிரி என்ன, நெஜமாவே ஏதோ ஸ்ப்ரே அடிச்சிருந்தாங்க, வீட்டுக்கு வந்தப்புறம் துணியால தொடச்சா பிசுபிசுன்னு துணியில வந்துச்சு. சில செடிக்கு மட்டும் லேமினேட் பண்ண அட்டை கட்டியிருந்துச்சு, "கோஸ்டல் ஸ்பெஷல்"னு. ஓனர் என்ன சொன்னார்னா, மேடம் இது தாய்லாந்து வெரைட்டி, உப்புக் காத்துலயே வளர்த்துப் பழக்கினது, உங்க ஏரியாவுக்குன்னே வரவழைக்கிறோம், சாதா குரோட்டன் 120 ரூபா, இது 450. செடி, தொட்டி, செம்மண் கலவை, ஆள் வந்து நட்டுக் குடுக்கறது, மூணு மாசம் சர்வீஸ், எல்லாம் சேத்து பேக்கேஜ் 38,000. செடி பட்டுப்போனா ஃப்ரீயா மாத்தித் தர்றோம்னு வாயால சொன்னார்.

எடத்தப் பாக்காம குடுத்துட்டாங்கன்னு கூட சொல்ல முடியாது. மாடிக்கு வந்து நின்னு பார்த்தார். கடல் பக்கம் கைப்பிடிச் சுவர் முட்டி உயரம்தான், மறைப்பே இல்ல, போர் தண்ணி பைப் வாயில வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கறதையும் பார்த்தார். "சூப்பர் லொகேஷன் மேடம், வெயில் நல்லா அடிக்குது, கலர் தூக்கும்"னார். இதுல பாதி உண்மை வேற, அதான் கடுப்பே. குரோட்டனுக்கு வெளிச்சம் இருந்தாத்தான் மஞ்சளும் சிவப்பும் வரும், நிழல்ல வச்சா பச்சையடிச்சுப் போயிடும். ஆனா ஷேட் நெட்ல வளர்ந்த செடியத் தூக்கிட்டு வந்து மே மாசம் மொட்டை மாடி வெயில்ல நேரா வச்சா இலை கருகும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெயிலுக்குப் பழக்கணும். செடி விக்கறவனுக்கு இது தெரியாதா?

நட்ட கொஞ்ச நாள்லயே இலை கொட்ட ஆரம்பிச்சுது. ஃபோன் பண்ணா "எடம் மாத்துன ஷாக் மேடம், துளிர்க்கும்". இதுவும் பாதி உண்மை. குரோட்டன எடம் மாத்தினா இலைய உதுக்கும், அப்புறம் தானா தேறிடும், அது அந்தச் செடியோட குணம். ஆனா இங்க தண்டே மேலருந்து சுருங்கிட்டு வந்துச்சு. நகத்தால பட்டையை லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள பச்சையா இருந்து பால் கசிஞ்சா உயிர் இருக்கு, காஞ்ச தவிட்டு நிறமா இருந்தா முடிஞ்சுது. எங்களுதுல பாதிக்கு மேல தவிடுதான். (அந்தப் பால் கையில பட்டா சிலருக்கு அரிப்பு வரும், கண்ணுல படக்கூடாது, வீட்டுல சின்னக் குழந்தையோ நாய்க்குட்டியோ இருந்தா பார்த்துக்கோங்க. இதையும் கடையில யாரும் சொல்லல.)

ஒரு தொட்டியக் கவுத்தினோம். மேல நாலு விரக்கடை செம்மண். அதுக்குக் கீழ டிவி பொட்டியில வர்ற தெர்மாகோல் துண்டு, செங்கல் உடைசல், சிமென்ட் கட்டி. கேட்டா "டிரெயினேஜ் மேடம்"னு சொல்லுவாங்க, ஓட்டை மேல ரெண்டு ஓட்டுச்சில்லு வச்சா அது டிரெயினேஜ், பாதித் தொட்டிக்கு தெர்மாகோல் போட்டா அது கலவைக் காசு அடிக்கறது. நடுவுல செடி. வேர்க்கட்டி கறுப்புக் களிமண் உருண்டை, மேல கறுப்பு பிளாஸ்டிக் கவர் பிரிக்காம அப்படியே இருக்கு. கவரைக் கிழிச்சு உருண்டைய பக்கெட் தண்ணில போட்டா ரொம்ப நேரம் கரையவே இல்ல, அவ்ளோ இறுகிப் போயிருக்கு. கரைஞ்சப்புறம் பார்த்தா அது ஒரு செடியே இல்ல, மூணு குச்சி. புதரா தெரியட்டும்னு மூணு கட்டிங்க ஒண்ணா சொருகியிருக்காங்க. ஒண்ணுல மட்டும் நாலஞ்சு வேர் நூல் மாதிரி, மத்த ரெண்டுலயும் வெட்டின எடத்துல வெறும் முடிச்சு, வேர்ங்கற பேச்சே இல்ல. அத்தை பக்கத்துல நின்னு பார்த்துட்டு, "ஏம்மா, இதுக்கு நானே தெருவுல நாலு குச்சி ஒடிச்சுக் குடுத்திருப்பேனே"ன்னாங்க.

சர்வீஸ்க்கு வந்த பையன்தான் கடைசியில உண்மையச் சொன்னான். "அக்கா, அட்டை கட்டினதும் கட்டாததும் ஒரே லாரிலதான் வருது, எல்லாம் கடியம் சரக்கு." ஆந்திராவுல ராஜமுந்திரி பக்கத்துல இருக்கற கடியத்தைத் தெரியாத நர்சரிக்காரங்க கிடையாது, ஊர் முழுக்க நர்சரிதான், தென்னிந்தியா பூரா அங்கருந்து செடி போகுது. கடியத்த நான் குத்தம் சொல்லல, தூரமா அனுப்பும்போது வேர் காயாம இருக்க களிமண் உருண்டை கட்டறது நியாயமான வேலைதான். அத வாங்கினவன் களிமண்ண கரைச்சு எடுத்து, வேற கலவையில மாத்தி, வேர் புடிக்கற வரைக்கும் வச்சிருந்து விக்கணும். லாரிலருந்து எறக்கி, தாய்லாந்துன்னு அட்டை கட்டி, கிட்டத்தட்ட நாலு மடங்கு வெலைக்கு விக்கறதுக்குப் பேரு என்ன?

திரும்ப ஓனர்கிட்ட பேசினப்போ பேச்சே மாறிடுச்சு. "உங்க தண்ணி சரியில்ல மேடம், உப்பு." தண்ணில கரைஞ்சிருக்கற உப்ப அளக்கற டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பார்த்தா போர் தண்ணி 1,900 காட்டுது, ஆமா உப்புதான். அப்ப உப்புக்குன்னே பழக்கின செடின்னு எதுக்கு 450 வாங்கினீங்கன்னு கேட்டேன். பதில் இல்ல, "சைட்ல ஆள் அனுப்பறேன்"னு வச்சிட்டார். ஆளும் வரல. வந்தது மாவுப்பூச்சிதான், அதுவும் செடியோடவே இலைக்காம்புல ஒளிஞ்சிட்டு வந்திருக்கு, நல்லா இருந்த என் செம்பருத்தி மொட்டெல்லாம் வெள்ளை அப்பிப் போச்சு. வேப்பெண்ணெய்ல சோப்பு கலந்து அடிச்சு இப்பதான் கொஞ்சம் அடங்கியிருக்கு.

இதனால குரோட்டனே வேணாம்னு சொல்ல வரல. நம்மூர்ல ஸ்கூல் வாசல், கவர்மென்ட் ஆபீஸ், ரயில்வே ஸ்டேஷன் எங்க பார்த்தாலும் யாரும் கண்டுக்காமலேயே நிக்கற செடி அது. பூர்வீகமே இந்தோனேசியா, மலேசியா, பசிபிக் தீவுங்க பக்கம்தான், ஈரக்காத்து அதுக்குப் புதுசில்ல. தாங்காதது என்னன்னா நேரா மூஞ்சில அடிக்கற உப்புக் காத்தும், தொட்டியில சேந்துக்கிட்டே போற உப்பும். இலை ஓரம் மட்டும் பழுப்பா காஞ்சுட்டு வந்தா அது உப்பு வேலைதான்னு சந்தேகப்படுங்க. எங்க வீட்டுலயே மாடிப்படி ரூம் சுவருக்கு இந்தப் பக்கம், காத்து மறைவுல, காலைவெயில் படற எடத்துல வச்சது மட்டும் தப்பிச்சிருக்கு. அதுக்கு போர் தண்ணிய நிறுத்திட்டு மெட்ரோ வாட்டர், மழைத்தண்ணின்னு மாத்தினேன், வாரம் ஒருதடவ தொட்டி அடி ஓட்டை வழியா நல்லா ஓடற வரைக்கும் ஊத்தி உப்பக் கழுவி விடறேன், இலையிலயும் தெளிக்கறேன். புதுசா ரெண்டு எலை விட்டிருக்கு, பச்சையும் மஞ்சளுமாத்தான், இலை முத்த முத்தத்தான் சிவப்பு ஏறும், அதுக்குள்ள கலர் போச்சுன்னு பயப்படாதீங்க. கடலப் பார்த்த வரிசைக்கு காகிதப்பூ, அரளி மாதிரி உப்பு தாங்கறத வச்சிட்டு அதுக்குப் பின்னாடி குரோட்டன வைங்க. அரளி முழுக்க விஷம், குழந்தைங்க இருக்கற வீட்டுல காகிதப்பூவோட நிறுத்திக்கோங்க.

வாங்கும்போது என்ன பண்ணணும்னா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி தண்டைப் புடிச்சு லேசா மேல இழுங்க. சுளுவா வந்துட்டா வேர் இல்ல. கவரைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, மண்ணுக்கு வெளிய வெள்ளை வேர் தெரியணும். காட்ட மாட்டேன்னு சொன்னா அங்கயே விட்டுட்டு வந்துடுங்க. எலைக்கு அடியில, காம்பு இடுக்குல பஞ்சு மாதிரி எதாவது இருக்கான்னு பாருங்க. புதரா இருந்தா அடியில எத்தன தண்டுன்னு எண்ணுங்க. ஆன்லைன்ல "மல்டி கலர் குரோட்டன் விதை"ன்னு பாக்கெட் விக்கறாங்க பாருங்க, அத தொடவே தொடாதீங்க, விதையில தாய்ச்செடி கலர் அப்படியே வராது, அதனாலதான் எல்லாரும் கட்டிங்கோ பதியமோ போடறாங்க. பக்கத்து வீட்டுல நல்ல செடி இருந்தா கேட்டு ஒரு கிளையில பட்டைய வளையமா சீவி, தேங்காநார்த் தூள் ஈரமா வச்சு பிளாஸ்டிக் கவர் சுத்திக் கட்டுங்க, வேர் விட்டதும் அறுத்து நட்டுக்கலாம், உங்க காத்துக்கும் தண்ணிக்கும் ஏற்கெனவே தாங்கின செடி அது.

முக்கியமா பில். எங்களுக்குக் குடுத்தது "எஸ்டிமேட்"னு போட்ட துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் கெடையாது, கேரன்டி வார்த்தை ஒண்ணும் எழுதல. நல்லவேளையா மொத்தக் காசும் ஜிபேல போச்சு, வாட்ஸ்அப்ல "கோஸ்டல் ஸ்பெஷல், சால்ட் ப்ரூஃப்"னு அவங்களே அனுப்பின ஃபோட்டோவும் இருக்கு. 1915க்கு ஃபோன் பண்ணி கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் பதிஞ்சிருக்கேன். அதுல பதில் வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடப் போறேன், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, வக்கீல் வச்சே ஆகணும்னும் இல்ல. தெர்மாகோல், களிமண் உருண்டை, வேரில்லாத குச்சி எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து சாக்குல கட்டி வச்சிருக்கேன். இதே அட்டை கட்டின செடி வாங்கி ஏமாந்தவங்க இருந்தா உங்க சீட்டையும் ஃபோட்டோவையும் தூக்கிப் போடாம வைங்க, சேந்து போட்டா இன்னும் பலமா இருக்கும்.