எட்ஜ்வாட்டரா, ஆர்கேடியாவா? இரண்டு ‘அவுட்டர் வேர்ல்ட்ஸ்’ கேம்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்’ 2019 அக்டோபர் 25 அன்றும், அதன் இரண்டாம் பாகம் 2025 அக்டோபர் 29 அன்றும் வெளிவந்தன. இரண்டையும் உருவாக்கியது அப்சிடியன் நிறுவனம். பெங்களூரில் என் நட்பு வட்டத்தில் இவ்விரண்டையும் ஆடி முடித்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐடி துறையில் வேலை பார்க்கும் தமிழர்கள் என்பதால், பெருநிறுவனங்கள் விண்வெளியையே விலைக்கு வாங்கிவிட்ட ஓர் உலகத்தைக் கேலி செய்யும் இந்தக் கதை அவர்களுக்கு வெறும் அறிவியல் புனைவாகத் தோன்றுவதில்லை. எதிலிருந்து தொடங்குவது, இரண்டில் எது மேலானது என்ற கேள்வி எழும்போதெல்லாம் கருத்துகள் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. என் தீர்ப்பு இது: பகடி என்ற அளவில் முதல் பாகம் கூர்மையானது, ஆட்டம் என்ற அளவில் இரண்டாம் பாகம் வெகுவாக முன்னேறியிருக்கிறது. ஆனால் இதை “கதை எதிர் ஆட்டம்” என்று சுருக்கிவிட்டால் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகும். முதல் பாகம் முதலாளியைப் பார்த்துச் சிரிக்கிறது. இரண்டாம் பாகம் தன் சிறந்த கட்டங்களில் ஆடுபவரையே பார்த்துச் சிரிக்கிறது.

இந்த உலகத்தின் அடித்தளம் ஒரு வரலாற்றுத் திருப்பம். உண்மை வரலாற்றில் அமெரிக்க அதிபர் வில்லியம் மெக்கின்லி 1901இல் சுட்டுக் கொல்லப்பட, துணை அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்து, ஏகபோக நிறுவனங்களின் மீது வழக்குத் தொடுத்தார். இந்தக் கேமின் வரலாற்றில் மெக்கின்லி சாகவில்லை. எனவே நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட ஆளில்லாமல் போய், அவை கோள்களையே குடியேற்றங்களாக வளைத்துப்போடும் அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. முதல் பாகத்தை இயக்கிய டிம் கெய்ன், லியனார்டு பொயார்ஸ்கி இருவரும் ‘ஃபால்அவுட்’ கேம் தொடரின் மூலகர்த்தாக்களில் முக்கியமானவர்கள். இரண்டாம் பாகத்தில் பொயார்ஸ்கி படைப்பாக்கப் பொறுப்பில் தொடர, இயக்கம் பிராண்டன் ஆட்லரிடம் சென்றது.

முதல் பாகத்தின் வலிமை முழுவதும் எட்ஜ்வாட்டர் என்ற அந்தச் சின்ன ஊரில் இருக்கிறது. ‘ஸ்பேசர்ஸ் சாய்ஸ்’ என்ற நிறுவனத்துக்குச் சொந்தமான மீன் பதப்படுத்தும் ஆலையைச் சுற்றி அமைந்த ஊர் அது. நாம் ஊருக்குள் நுழைந்த சற்று நேரத்திலேயே, கல்லறைக் கட்டணம் பாக்கி வைத்திருக்கும் தொழிலாளர்களிடம் போய் வசூலித்து வரும்படி ஒருவர் கேட்கிறார். செத்த பிறகு புதைக்கப்படும் இடத்துக்கு உயிரோடு இருக்கும்போதே வாடகை கட்ட வேண்டும். தொழிலாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், அது நிறுவனத்தின் சொத்துக்கு ஏற்பட்ட சேதமாகக் கணக்கில் எழுதப்படுகிறது. ஊரில் கொள்ளைநோய் பரவும்போது மருந்து யாருக்கு என்பதை, யார் அதிகம் உழைக்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்கிறார்கள். இவை எதுவும் உரத்த குரலில் சொல்லப்படவில்லை. அலுவலகச் சுற்றறிக்கையின் தொனியிலேயே, சொல்பவருக்கே அதில் தவறு எதுவும் தெரியாதபடி சொல்லப்படுகின்றன. அதனால்தான் அது சுடுகிறது.

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்து, இன்றும் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகும் நண்பர் ஒருவர், எட்ஜ்வாட்டர் பகுதியை ஆடிவிட்டுச் சொன்னது இது: “இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? எங்க தாத்தா காலத்துக் கதைய அப்படியே எடுத்து வெச்சிருக்கான்.” 1880இலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையில் வளர்ந்த தங்கவயலில், சுரங்கம் மட்டுமன்றி குடியிருப்பு, மருத்துவமனை உட்பட ஊரே நிறுவனத்தின் நிழலில் இருந்தது. பூமிக்கடியில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்து 1930இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது, ஊருக்கு அடையாளமாக இருந்த தொழிலே போய்விட்டது. இந்தப் பின்னணியிலிருந்து வருபவருக்கு எட்ஜ்வாட்டரில் காத்திருக்கும் முடிவு மிகக் கடினமானது. புவிவெப்ப மின்நிலையத்தின் மின்சாரத்தை ஆலை ஊருக்குத் தருவதா, ஊரைவிட்டு ஓடிப்போய்த் தாவரக்கூடத்தில் தங்கியிருப்பவர்களுக்குத் தருவதா என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆலையின் நிர்வாகி டாப்சன் கையாலாகாத மனிதர். ஆனால் மின்சாரத்தை நிறுத்தினால் அவரை மட்டுமல்ல, ஆலையை நம்பிப் பிழைக்கும் எல்லோரையும் நடுத்தெருவில் நிறுத்துகிறோம். மறுபக்கம், ஓடிப்போனவர்களின் தலைவி அடிலெய்டு மகனைப் பறிகொடுத்தவர் என்பதால் நம் அனுதாபம் அவர் பக்கமே சாய்கிறது. பிறகுதான், அவருடைய தோட்டம் செழிப்பதற்கு மனிதப் பிணங்களே உரம் என்பது தெரியவருகிறது. வில்லனும் நல்லவரும் என்று கோடு கிழிக்க முடியாத இந்த இக்கட்டு, கதையின் முதல் ஊரிலேயே வந்துவிடுவதுதான் முதல் பாகத்தின் பெருமை. அதுவே அதன் குறையும் ஆகிவிட்டது. அதற்குப் பின் வரும் மோனார்க், பைசான்டியம் ஆகிய இடங்களின் கதைகள் அந்த உயரத்தை எட்டவே இல்லை.

இரண்டாம் பாகத்தின் கதை ஆர்கேடியா என்ற புதிய குடியேற்றத்தில் நடக்கிறது. நாம் ‘எர்த் டைரக்டரேட்’ என்ற பூமியின் அமைப்பைச் சேர்ந்த ஒரு முகவர். இங்கே மோதிக்கொள்ளும் தரப்புகள் மூன்று. ‘ஆண்டிஸ் சாய்ஸ்’, முதல் பாகத்தின் இரு நிறுவனங்கள் இணைந்து உருவான வணிகப் பேரரசு. ‘புரொடெக்டரேட்’, கீழ்ப்படிதலையே அறமாக்கிய சர்வாதிகார அரசு. மூன்றாவதான ‘ஆர்டர் ஆஃப் தி அசெண்டண்ட்’, கணிதத்தால் எதிர்காலத்தையே கணித்துவிடலாம் என்று நம்பும் ஒரு மடம். வணிகம், அரசு, அறிவு என்று மூன்று திசைகளிலும் பகடியை விரித்தது நல்ல எண்ணம்தான். கேட்டுக்கொண்டே நடக்கலாம் என்று வானொலி நிலையங்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தரப்பும் தன் பிரச்சாரத்தைத் தன் குரலில் ஒலிபரப்புகிறது. ஆனால் விரிந்த பகடி மெலிந்துவிட்டது என்பதே என் கணிப்பு. ஆண்டிஸ் சாய்ஸின் விளம்பர வாசகங்கள் முதல் சில முறை சிரிக்கவைத்தாலும், “இந்த நிறுவனம் பேராசை பிடித்தது” என்ற ஒரே செய்தியைத்தான் அவை வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு சொல்கின்றன. கல்லறைக் கட்டணத்துக்கு ஈடான, ஒரு தனி மனிதனின் மாதச் சம்பளத்தில் கைவைக்கும் விதி எதுவும் இங்கே என் மனதில் தைக்கவில்லை.

இதில் இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சொன்னது பல மாதங்களுக்கு இங்கே தேநீர்க் கடைப் பேச்சாக இருந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் மனிதவளத் துறையில் இருக்கும் ஒரு தோழி, “ஆண்டிஸ் சாய்ஸ் அதிகாரி பேசுறத கேட்டா எனக்குச் சிரிப்பு வரல, என்னோட டிராஃப்ட் ஃபோல்டர் ஞாபகம் வருது” என்றார். செய்தியே பகடியைத் தாண்டி ஓடும்போது, பகடி எழுதுபவர் இன்னும் நுணுக்கமாக எழுத வேண்டும். இன்னும் சத்தமாக அல்ல.

போதாக்குறைக்கு, கேமின் விலையே ஒரு நகைச்சுவைக் காட்சியாகிவிட்டது. அப்சிடியனை 2018இல் வாங்கிய மைக்ரோசாஃப்ட், இரண்டாம் பாகத்துக்கு முதலில் 80 டாலர் என்று விலை அறிவித்தது. பெருநிறுவனப் பேராசையைக் கேலி செய்யும் கேமுக்கா இந்த விலை என்று பலரும் கேலி பேச, 2025 ஜூலையில் அதை 70 டாலராகக் குறைத்தது. வெளியீட்டு மாதமான அக்டோபரிலேயே மைக்ரோசாஃப்டின் கேம் சந்தாவான கேம் பாஸ் அல்டிமேட்டின் மாதக் கட்டணம் அமெரிக்காவில் 20 டாலரிலிருந்து 30 டாலருக்கு ஏறியது. ஆண்டிஸ் சாய்ஸின் எழுத்தாளர்கள் இதைவிடச் சிறப்பாக எதையும் எழுதிவிடவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இரண்டாம் பாகத்தை நான் உயர்த்திப் பேசுவதற்குக் காரணம், அதன் ‘ஃப்ளா’ எனப்படும் குறைகளின் அமைப்பு. முதல் பாகத்திலும் இது இருந்தது: இயந்திர மனிதர்களிடம் அடிக்கடி அடி வாங்கினால், அவற்றைக் கண்டு அஞ்சும் குறையை ஏற்கிறாயா என்று கேட்டு, ஏற்றால் ஒரு கூடுதல் ‘பெர்க்’, அதாவது சிறப்புச் சலுகை, தருவார்கள். கேட்க நன்றாக இருந்தாலும், நடைமுறையில் அது சில புள்ளிகளைக் கொடுத்து வேறு சில புள்ளிகளைப் பிடுங்கும் வெறும் கணக்காகவே முடிந்தது. என் வட்டத்தில் பலர் அதை யோசிக்காமல் மறுத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் பாகம் நம் கதாபாத்திரத்தின் அனுபவத்தை மட்டுமல்லாமல், நம் விரல்களின் பழக்கத்தையும் கண்காணிக்கிறது. எந்நேரமும் குனிந்து பதுங்கியே நடப்பவருக்கு மூட்டுவலி வருகிறது. அதன் பிறகு எழுந்து நிற்கும்போதெல்லாம் முழங்கால் சொடுக்கும் ஓசை அருகிலிருக்கும் எதிரியின் காதில் விழும். தோட்டாப் பெட்டி பாதிகூடக் காலியாகாத நிலையிலேயே திரும்பத் திரும்ப நிரப்பும் பதற்றக்காரர்களுக்கு அதற்கேற்ற ஒரு குறை. கண்ணில் பட்டதையெல்லாம் சுருட்டுபவருக்குக் கை தானாகத் திருடத் தொடங்கும் குறை. வசனங்களைக் கேட்காமல் தட்டித் தட்டித் தாண்டிப் போகிறவருக்கோ, பதிலைத் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் நேரமே சுருங்கிப்போகும் குறை. கதை கேட்கப் பொறுமையில்லாமல் கதைக்காகவே உருவான ஒரு கேமை ஆடும் நம்மைப் பார்த்து அது அடிக்கும் நக்கல், வானொலிப் பிரச்சாரங்கள் எல்லாவற்றையும்விட மேலான பகடி. மாரத்தஹள்ளியில் இருக்கும் ஒரு தம்பி மென்பொருள் சோதனைப் பணியில் இருப்பவன். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நகரமாட்டான். துப்பாக்கியைத் திரும்பத் திரும்ப நிரப்பியதற்கான அந்தக் குறை தன் திரையில் வந்ததும், “அண்ணா, இது என் அப்ரைசல்ல மேனேஜர் எழுதுற அதே வரி” என்று அழைத்துச் சொன்னான்.

இதை இன்னும் இறுக்கமாக்குவது மற்றொரு முடிவு. முதல் பாகத்தில் காசு கொடுத்தால் கப்பலிலேயே திறன்களை அழித்துப் புதிதாகப் பகிர்ந்துகொள்ளலாம். திறன்களும் ஐம்பது புள்ளி வரை குழுக்குழுவாக உயர்ந்ததால் எவரும் எல்லாவற்றிலும் ஓரளவு தேறிவிடுவார்கள். இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டே புள்ளிகள். முன்கதை முடிந்துவிட்டால் திருத்திக்கொள்ள வழியே இல்லை. பேச்சுத்திறனில் முதலீடு செய்தவர் பூட்டிய கதவின் முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இதைக் கொடுமை என்பவர்கள் உண்டு. எனக்கோ, ஒரே கதவை மூன்று நண்பர்கள் மூன்று விதமாகக் கடந்தோ கடக்காமலோ போன கதைகளைக் கேட்கும்போது, ரோல் பிளேயிங், அதாவது நாமே வடிவமைத்த பாத்திரமாக ஆடுவது, என்ற பெயருக்கு இந்தப் பாகம்தான் நியாயம் செய்திருக்கிறது என்று படுகிறது.

துப்பாக்கிச் சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் பாகத்தில் அது சுமார். இரண்டாம் பாகத்தில் நன்றாக இருக்கிறது. நம் கதாபாத்திரத்தைப் பின்னாலிருந்து பார்த்து ஆடும் மூன்றாம் நபர் பார்வையும் சேர்ந்திருக்கிறது.

துணைக்கு வருபவர்கள் விஷயத்தில் மட்டும் கருத்து ஒன்றுபடுகிறது. எட்ஜ்வாட்டரிலிருந்து நம்முடன் கிளம்பும் மெக்கானிக் பார்வதிக்கு நிகராக இரண்டாம் பாகத்தில் யாரும் இல்லை என்று சொல்லாதவரை நான் சந்திக்கவில்லை. அந்தப் பெயருக்காகவே நம்மவர்களுக்கு ஒரு தனிப் பாசம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தன் ஊரின் மின்சாரத்தை நிறுத்தும் முடிவில் அவள் தயங்கித் தயங்கிச் சொல்லும் வார்த்தைகள், எந்தத் தலைவரின் உரையையும்விட அழுத்தமாக அந்த ஆலையைப் புரியவைக்கின்றன. இரண்டாம் பாகத்தின் நைல்ஸ், இனெஸ், ஆசா, மாரிசோல், டிரிஸ்டன் ஆகியோரில் சிலர் தங்கள் தரப்பின் விளக்கக் கையேடாகவே பேசத் தொடங்குகிறார்கள். மனிதர்களாக ஆவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கொள்கை உண்டு. நம் முடிவுகள் கசந்தால் வாக்குவாதம் செய்வார்கள். விலகிப் போகவும் கூடும். முதல் பாகத்தில் துணைவர்களின் முறைப்போடு பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும்.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நடைமுறைக் கணக்கும் வேண்டும். முதல் பாகம் சுமார் 40 ஜிபி. பழைய ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டிலேயே நன்றாக ஓடும். அவசரப்படாமல் ஆடினாலும் ஓரிரு நீண்ட வார இறுதிகளில் முடிந்துவிடும். இரண்டாம் பாகம் 100 ஜிபியைத் தாண்டுகிறது. புதிய தலைமுறைக் கணினியோ பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோலோ வேண்டும். இரண்டிலும் தமிழ் வசன வரிகள் கிடையாது. பகடியின் பாதி உச்சரிப்பிலும் இழுவையிலும் இருப்பதால், ஆங்கில வரிகளை நிதானமாகப் படிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கே இரண்டும் பொருந்தும்.

நிறுவனங்களைப் பற்றிய கதைக்காக வருபவர் முதல் பாகத்தைத் தொடங்கி, எட்ஜ்வாட்டர் முடிவு வரையாவது ஆடிப் பார்க்கட்டும். 2023இல் வந்த மெருகேற்றிய பதிப்பு வெளியீட்டின்போதே திக்கித் திணறியதால், 2019இன் மூலப் பதிப்பே போதும். தேர்வுகளும் விளைவுகளும்தான் முக்கியம் என்பவர் முதல் பாகத்தைத் தொடாமலே ஆர்கேடியாவுக்குப் போகலாம். கதை தனித்து நிற்பதால் எதுவும் புரியாமல் போகாது. அங்கே போனதும் திரையில் தோன்றும் முதல் குறையை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும்படி சொல்வேன். மூட்டுவலியாக இருந்தாலும் சரி.