மண் பாதைப் பயணத்தைத் திட்டமிடுவது: ஆறு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆறு வருடமாக என் நீண்ட பைக் பயணங்களை ஒரே முறையில்தான் திட்டமிடுகிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் கணினியில் பாதையை வரைவேன். அதை ஜிபிஎக்ஸ் எனும் பாதைக் கோப்பாக்கி, போனில் அதே வரைபடத்தைக் காட்டும் ஓஎஸ்எம்ஆண்ட் செயலியில் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். இதுவரை ஐந்து பயணங்கள் போயிருக்கிறேன். ஒவ்வொன்றும் பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை, பெரும்பகுதி தார் போடாத பாதைகள். முதல் வருடம் இந்த முறையைப் பற்றி எனக்கு இருந்த கருத்து இப்போது நிறைய மாறிவிட்டது.

வழக்கமான வழிகாட்டிச் செயலிகள் எங்கே போகச் சொன்னாலும் நம்மை நெடுஞ்சாலைக்கே இழுத்துப்போகும். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் காட்டுப் பாதை, வயலோரத் தடம், கைவிடப்பட்ட சாலை என்று எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டால் போனில் சிக்னல் தேவையில்லை. ஜிபிஎஸ் நேராகச் செயற்கைக்கோளிடமிருந்து வருவதால் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கிலும் என் இடத்தைக் காட்டும் நீல அம்புக்குறி என்னோடு நகரும். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த முறையை விட மனம் வரவில்லை.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் முதல் பயணத்தில் ஒரு நாள் முழுக்க வீணானது. ஜிபிஎக்ஸ் கோப்பில் ‘ரூட்’ என்றும் ‘டிராக்’ என்றும் இரண்டு வகை உண்டு. ரூட் என்பது சில புள்ளிகள்தான். அவற்றுக்கு நடுவே எப்படிப் போவது என்பதை ஒவ்வொரு கருவியும் தன் விருப்பப்படி கணக்கிட்டுக்கொள்ளும். டிராக் என்பது வரைந்த கோடு. எந்தக் கருவியில் திறந்தாலும் அது அப்படியே இருக்கும். நான் ரூட்டாகச் சேமித்து நண்பருக்கு அனுப்பினேன். அவருடைய கருவி அதை மறுபடி கணக்கிட்டு, மலையின் மறுபுறச் சாலையைக் காட்டிவிட்டது. காலையில் ஒரு கவைப் பாதையில் ஆளுக்கொரு பக்கம் திரும்பினோம். இரண்டு பேருக்கும் சிக்னல் இல்லை. மாலையில்தான் சந்தித்தோம், அதுவும் முந்தைய இரவு தங்கிய இடத்துக்கே இருவரும் திரும்பியதால். அன்றிலிருந்து டிராக் மட்டும்தான் எடுத்துப் போகிறேன். ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கோப்பு, தனி நிறம். பெட்ரோல் கிடைக்கும் இடமும் தண்ணீர் கிடைக்கும் இடமும் தனிப் புள்ளிகளாக இருக்கும். கிளம்பும் முன் எல்லோருடைய கருவியிலும் கோப்பைத் திறந்து, கோடு ஒன்றுதானா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். பத்து நிமிட வேலைதான்.

அடுத்தது பாதையின் தரம். இந்த வரைபடத்தில் மண் தடங்களுக்குக் கிரேடு 1 முதல் 5 வரை இருக்கிறது. 1 என்றால் கெட்டியான தளம், 5 என்றால் இறுகாத மண்ணோ புல்லோ. இது வண்டி ஓட்டும் சிரமத்தைச் சொல்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, தரை எவ்வளவு கெட்டி என்பதை மட்டும்தான் சொல்கிறது. செங்குத்தாக ஏறும் பாறைத் தடம்கூட கெட்டியானது என்பதால் கிரேடு 2 ஆக இருக்கலாம். ஆகவே இப்போது சரிவைத் தனியாகப் பார்க்கிறேன். செயற்கைக்கோள் படத்தையும் மேலே போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு கோட்டையும் கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்ற வரலாறும் அந்தத் தளத்தில் கிடைக்கும். எட்டு வருடமாக யாரும் தொடாத கோடு என்றால், பாதையை மண்சரிவு மூடியிருக்கலாம், குறுக்கே வேலி வந்திருக்கலாம், தனியார் நிலமாகியிருக்கலாம். அந்த மாதிரித் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுவழியை வேறு நிறத்தில் வரைந்து வைக்கிறேன். வரைபடத்துக்குப் பாதை இருக்கும் இடம் தெரியும். போன வாரத்து மழையில் அதற்கு என்ன ஆனது என்பது தெரியாது.

இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் கிலோமீட்டர் கணக்கை விட்டு மணிக் கணக்குக்கு வந்தேன். என் வண்டியில், என் வேகத்தில், நிற்பதையும் சேர்த்து, நல்ல கப்பிச் சாலையில் மணிக்கு 40 கி.மீ. போக முடிகிறது. கல்லும் குழியுமான தடத்தில் 25, சேற்றிலும் மணலிலும் 15. ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இப்படி ஓட்டக் கூடாது என்று வைத்திருக்கிறேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் கை தளர்ந்து, கவனமும் குறைகிறது. நான் விழுந்தது எல்லாம் மாலையில்தான். ஒரு நாளைக்கு 250 கி.மீ. என்று தாளில் எழுதுவது சுலபம். மண் பாதையில் அது இருட்டில்தான் போய் முடியும்.

பெட்ரோல் கணக்கும் அப்படித்தான். என் டேங்க் 16 லிட்டர். தார்ச் சாலையில் லிட்டருக்கு 28 கி.மீ. தரும் வண்டி, மூட்டை முடிச்சோடு மண்ணில் 20தான் தருகிறது. அப்படியென்றால் 320 கி.மீ. அதில் கால் பங்கைக் கழித்து 240 என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கால் பங்கு, பாதை மூடியிருந்தால் திரும்பி வருவதற்கு. இரண்டு முறை அது தேவைப்பட்டிருக்கிறது.

நீரோடைகளைப் பற்றி இன்னும் முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பனி உருகி வரும் ஓடைகளில் வெயில் ஏற ஏற நீர் கூடும். பிற்பகலிலும் மாலையிலும்தான் அதிகம், விடியற்காலையில் குறைவு. மூன்றாவது பயணத்தில் மதியம் மூன்று மணிக்கு அப்படி ஓர் ஓடைக்கு வந்தோம். இறங்கிப் பார்த்தால் தொடைக்கு மேல் தண்ணீர், அடியில் கல் உருளும் சத்தம். கரையிலேயே கூடாரம் போட்டுவிட்டோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே இடத்தில் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. அதிலிருந்து, ஓடை வரும் நாட்களில் அதைக் காலையிலேயே தாண்டும்படி முந்தைய இரவு தங்கும் இடத்தை மாற்றி வரைகிறேன்.

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிக சக்தி உள்ள பைக் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் 2021இல் எச்சரித்திருந்தது. என் போன் வேறு நிறுவனத்துடையது என்றாலும் அன்றே அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த போன் பிடிப்பான் ஒன்றை வாங்கி வண்டியில் மாட்டினேன். கேமரா இன்றுவரை நன்றாக இருக்கிறது. கெட்டது சார்ஜ் போடும் துளை. தூசியும் ஈரமும் சேர்ந்து, ஒரு பயணத்தின் ஆறாம் நாள் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. இப்போது பழைய போன் ஒன்றில் அதே கோப்புகளை ஏற்றி, அணைத்து, என் பையில் வைத்திருக்கிறேன். நாள் வாரியாக ஊர்ப் பெயர்களும் தூரங்களும் எழுதிய ஒரு தாளும் உண்டு. நேர் வெயிலில் திரை மங்கும்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கிறது.

கோப்பின் இன்னொரு பிரதி வீட்டில் இருக்கும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்றும் நான்காவது பயணத்திலிருந்து கூட வருகிறது. தினமும் தங்கும் இடத்துக்குப் போனதும் அதில் ஒரு வரி அனுப்புவேன். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தனியாகப் போகிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

டயர், செயின், பஞ்சர் கிட் எல்லாம் நிறையப் பேர் எழுதியாயிற்று. ஒன்று மட்டும் சொல்கிறேன். மண்ணில் இறங்கும்போது காற்றைக் குறைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் பாரம் ஏற்றிய வண்டியில் அளவுக்கு மீறிக் குறைத்தால் கல்லில் மோதி ரிம் நெளியும், டியூபும் கடிபட்டுக் கிழியும். திரும்பத் தார்ச் சாலை ஏறும்போது காற்றை நிரப்பியாக வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தையும் நாளின் கணக்கில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் மாலை அவசரத்தில் தவிர்த்துவிடுவோம்.

முதல் வருடம் என்னிடம் கேட்டிருந்தால், எவ்வளவு நுணுக்கமாக வரைகிறோமோ அவ்வளவு நல்லது என்று சொல்லியிருப்பேன். இப்போது ஐந்து நாளுக்கு ஒரு நாளை வெறுமையாக விடுகிறேன். மழை, பஞ்சர், உடம்பு அசதி எதுவும் வராவிட்டால் அந்த நாளில் எங்காவது ஓர் ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருப்போம். நினைத்துப் பார்த்தால் எனக்குப் பிடித்த நாட்களில் பாதி அவைதான்.

அடுத்த பயணத்தின் கோப்பு இப்போது பாதி வரைந்தாயிற்று. மூன்றாம் நாளில் ஒரு கணவாய் வருகிறது. அதில் 38 கி.மீ. பாதையை யாரோ செயற்கைக்கோள் படம் பார்த்து 2016இல் வரைந்திருக்கிறார்கள், அதன் பிறகு யாரும் தொடவில்லை. அந்த நாளுக்கு 90 கி.மீ.தான் ஒதுக்கியிருக்கிறேன், மறுநாள் வெறுமையாக இருக்கிறது. தாண்டிவிட்டால் அந்தப் பாதை எப்படி இருந்தது என்பதை வரைபடத்தில் பதிவு செய்வேன். தாண்ட முடியாவிட்டால் எந்த இடத்தில் நின்றது என்பதையும்.