8 ஜிபியா, 16 ஜிபியா: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும்

நான்கு ஆண்டுகள் உழைத்த ஒரு 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது, நடுத்தர விலைப் பிரிவில் என் முன் நின்றவை மூன்று: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, இன்டெலின் ஆர்க் பி580. இவற்றுள் முதல் இரண்டும் ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டிரண்டு வகைகளாக விற்கப்படுவதால், உண்மையில் ஐந்து கார்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் வாங்கியது 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி வகை. எட்டு மாதங்களாக அதில்தான் விளையாடி வருகிறேன் என்பதால் இந்த ஒப்பீடு அதன் பக்கமே சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் விவரங்களைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். பி580 2024 டிசம்பரிலும், 5060 டிஐ 2025 ஏப்ரலிலும், 9060 எக்ஸ்டி அதே ஆண்டு ஜூனிலும் வெளிவந்தன. 5060 டிஐ புதிய ஜிடிடிஆர்7 நினைவகத்தைக் கொண்டு நொடிக்கு 448 ஜிபி தரவைக் கையாள்கிறது. 9060 எக்ஸ்டி பழைய ஜிடிடிஆர்6-ஐயே வைத்துக்கொண்டு 320 ஜிபியோடு நின்றுவிடுகிறது. 16 ஜிபி வகைகளின் மின்சாரத் தேவை முறையே 180 வாட், 160 வாட். பி580-க்கு 190 வாட். வெறும் வேகத்தை மட்டும் பார்த்தால் 5060 டிஐ பெரும்பாலான விளையாட்டுகளில் சற்று முந்துகிறது. ஆனால் அந்த முந்துதல், எண்ணிக்கையைத் திரையில் காட்டாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆகவே வேகத்தை வைத்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை என்றே நினைக்கிறேன். முடிவைத் தீர்மானிக்க வேண்டியது கார்டில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்பதும், அது நிரம்பி வழியும்போது என்ன நடக்கிறது என்பதும்தான்.

என் பழைய கார்டில் இதைக் கண்ணாரப் பார்த்தேன். ஒரு திறந்த உலக விளையாட்டில் சந்தைத் தெரு ஒன்று உண்டு. விளையாடத் தொடங்கி இருபது நிமிடங்கள் வரை அத்தெருவின் கடைப் பலகைகளில் உள்ள எழுத்துகள் தெளிவாகத் தெரியும். அதற்குப் பிறகு குதிரையைத் திருப்பிக்கொண்டு மீண்டும் அதே தெருவுக்குள் நுழைந்தால், ஈரத் துணியால் துடைத்த கரும்பலகையைப் போல எழுத்துகள் மங்கிக் கிடக்கும். நான்கைந்து நொடிகள் கழித்துத்தான் ஒவ்வொன்றாகத் தெளியும். தெருமுனையில் திரும்பும் ஒவ்வொரு முறையும் காட்சி ஒரு கணம் நின்று பிறகு நகரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, திரையின் மூலையைக் காட்டி, “அண்ணா, எழுபது ஃப்ரேம்னு காட்டுதே, அப்புறம் ஏன் இப்படித் தடுக்குது?” என்று கேட்டான். சரியான கேள்வி. சராசரி எழுபது என்பது உண்மைதான். ஆனால் நொடிக்கு எழுபது ஃப்ரேம்களில் (திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் படங்களில்) அறுபத்தொன்பது சீராக வந்து ஒன்று மட்டும் பல மடங்கு தாமதமாக வந்தாலும் சராசரி பெரிதாகக் குறையாது, கண்ணுக்கோ அந்த ஒன்றுதான் உறுத்தும். விளையாட்டை ஓடவிட்டபடியே விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தபோது, கார்டின் சொந்த நினைவகம் விளிம்புவரை நிரம்பியிருந்தது. ‘பகிரப்பட்ட ஜிபியு நினைவகம்’ என்ற கோடு மேலே ஏறிக்கொண்டே இருந்தது. அதாவது, கார்டில் இடம் போதாததால் மிச்சம் கணினியின் சாதாரண ரேமில் போய் உட்கார்ந்திருந்தது.

இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமானால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. 448 ஜிபி வேகமுள்ள சொந்த நினைவகத்திலிருந்து அந்த நேரத்துக்குள் ஏழு ஜிபிக்கும் மேல் படிக்க முடியும். ஆனால் தேவையான தரவு ரேமில் இருந்தால் அது மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாகத்தான் வந்து சேர வேண்டும். மூன்றாம் தலைமுறைப் பாதையில் எட்டு லேன்கள் (தரவு செல்லும் தடங்கள்) மட்டும் இருந்தால் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. ஒரு ஃப்ரேம் நேரத்தில் சுமார் 130 எம்பிதான் வரும். அரை ஜிபி டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் போர்த்தும் படங்கள்) தேவைப்பட்டால் அது வந்து சேர அறுபது மில்லி விநாடிக்கும் மேல் ஆகும். ஏறக்குறைய நான்கு ஃப்ரேம்கள் காத்திருக்க வேண்டும். ஒன்று, விளையாட்டு காத்திருந்து தடுக்கும், அல்லது மங்கலான டெக்ஸ்சரைப் போட்டு ஒப்பேற்றும். என் சந்தைத் தெருவில் இரண்டும் மாறி மாறி நடந்தன.

இங்கேதான் 5060 டிஐயைப் பற்றி நான் தயங்கிய இடம் வருகிறது. அந்தக் கார்டு எட்டு லேன்களை மட்டுமே பயன்படுத்துகிறது. 9060 எக்ஸ்டி பதினாறு லேன்களையும் பயன்படுத்துகிறது. ஐந்தாம் தலைமுறைப் பாதையுள்ள புதிய மதர்போர்டில் எட்டு லேன்களே நொடிக்கு 32 ஜிபி அளவுக்குத் தந்துவிடும் என்பதால் பெரிய குறை தெரியாது. என்னுடையதைப் போன்ற மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் அது கால்பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதாவது 8 ஜிபி 5060 டிஐயைப் பழைய கணினியில் பொருத்துபவர், நினைவகம் வழியும் வாய்ப்பு அதிகமாகவும், வழிந்ததைத் திரும்பக் கொண்டுவரும் பாதை குறுகலாகவும் இருக்கும் இரட்டை இடரில் மாட்டிக்கொள்கிறார். கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றி மற்றதை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள்தாம் இந்த விலைப் பிரிவில் அதிகம் என்பதால், இது எனக்குச் சிறிய விஷயமாகத் தோன்றவில்லை. நியாயமாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 16 ஜிபி வகையில் நினைவகம் வழிவதே அரிது என்பதால், அங்கே லேன் எண்ணிக்கை அவ்வளவாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

“1080பி திரைதானே, 8 ஜிபி தாராளம்” என்ற பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். திரையின் அளவு நினைவகத்தை நிரப்புவதில்லை. ஒரு முழு 4கே ஃப்ரேமைச் சேமிக்க 33 எம்பி போதும். 1080பிக்கு 8 எம்பி. இன்றைய எஞ்சின்கள் இதைப் போன்ற இடைநிலைப் படங்கள் பலவற்றை வைத்திருந்தாலும், பெரும்பங்கைத் தின்பவை டெக்ஸ்சர்களே. 4096 புள்ளி அகலமும் உயரமும் கொண்ட ஒரு டெக்ஸ்சர், சுருக்கிய பிறகும், அதன் சிறிய நகல்களையும் சேர்த்து 21 எம்பி பிடிக்கும். ஒரு சுவருக்கு நிறம், மேடுபள்ளம், பளபளப்பு என்று மூன்று நான்கு டெக்ஸ்சர்கள் வேண்டும். இதன்மேல், ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ரே ட்ரேசிங்கை இயக்கினால், காட்சியின் வடிவங்களை எல்லாம் மரம்போல அடுக்கி வைக்கும் கட்டமைப்பு ஒன்று தனியாக இடம் கேட்கும். இடையிடையே ஃப்ரேம்களைத் தானே உருவாக்கிச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷனை இயக்கினால் அதுவும் கேட்கும். விளம்பரத்தில் முன்னிறுத்தப்படும் இந்த இரண்டு வசதிகளும் 8 ஜிபி கார்டில்தான் முதலில் மூச்சுத் திணறுகின்றன.

மறுபுறம், டெக்ஸ்சர் தரம் என்ற செட்டிங்குக்கு ஓர் அரிய குணம் உண்டு. இடம் இருக்கும்வரை அதை உச்சத்தில் வைத்தாலும் ஃப்ரேம் எண்ணிக்கை குறைவதே இல்லை என்று சொல்லலாம். நிழலையோ ஒளிப் பிரதிபலிப்பையோ ஒரு படி உயர்த்தினால் வேகத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டும். டெக்ஸ்சருக்கு அப்படி இல்லை. நடுத்தரக் கார்டு வாங்குபவர், கார்டுக்கு வயதாக ஆக மற்ற செட்டிங்குகளைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், காட்சி கூர்மையாக இருக்கும் என்ற நிம்மதியை 16 ஜிபி தருகிறது. என் தேர்வுக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

ஒரே பெயரில் 8, 16 என்று இரண்டு மட்டும் இருந்து 12 ஏன் இல்லை என்ற ஐயம் எனக்கும் இருந்தது. நினைவகச் சிப் ஒவ்வொன்றும் 32 பிட் இணைப்பைக் கேட்கும். இந்த இரண்டு கார்டுகளிலும் இணைப்பின் அகலம் 128 பிட் என்பதால் நான்கு சிப்புகளுக்குத்தான் இடம். ஒவ்வொன்றும் 2 ஜிபி என்றால் மொத்தம் 8. அதற்கு மேல் வேண்டுமானால் பலகையின் இரு பக்கமும் சிப்புகளை வைத்து, இரண்டிரண்டு சிப்புகள் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும்படி எட்டாக்கி 16 ஆக்க வேண்டும். 192 பிட் அகலம் கொண்ட பி580-இல் ஆறு சிப்புகள் அமர்வதால் அதற்கு இயல்பாகவே 12 ஜிபி கிடைத்துவிடுகிறது.

இனி 16 ஜிபி வகைகள் இரண்டையும் நேருக்கு நேர் வைப்போம். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் 5060 டிஐ 16 ஜிபி மேலான கார்டு என்பதை மறுக்க மாட்டேன். ரே ட்ரேசிங்கில் என்விடியா இன்னும் முன்னால் இருக்கிறது. சைபர்பங்க் 2077-இன் பாத் ட்ரேசிங்கைப் போன்ற கனமான முறைகளில் அந்த இடைவெளி வெளிப்படையாகத் தெரியும். காட்சியைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் அதன் டிஎல்எஸ்எஸ் முறை 2018-இலேயே தொடங்கிவிட்டதால் அதை ஏற்கும் விளையாட்டுகளும் அதிகம். ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4, இயந்திரக் கற்றலைக் கொண்டு காட்சியைப் பெரிதாக்கும் முறையாக 2025-இல் ஆர்எக்ஸ் 9000 வரிசையோடுதான் வந்தது. நான் விளையாடும் விளையாட்டுகளில் அதன் தரம் எனக்கு முழு நிறைவைத் தருகிறது. மரக்கிளைகளிலும் கம்பி வேலிகளிலும் முன்பு தெரிந்த நடுக்கம் போய்விட்டது. ஆனால் அது இல்லாத விளையாட்டில் பழைய எஃப்எஸ்ஆருக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, அப்போது வேறுபாடு கண்ணில் படத்தான் செய்கிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் வேலை செய்பவர்களும், என்விடியாவுக்கே உரிய கூடாவைச் சார்ந்த மென்பொருள்களை ஓட்டுபவர்களும் என் பேச்சைக் கேட்காமல் என்விடியாவையே வாங்க வேண்டும்.

ஆனாலும் பணம் ஒரு பொருட்டுதான். அறிமுக விலையில் 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி வகை, 5060 டிஐயின் 16 ஜிபி வகையைவிட மட்டுமல்லாமல், அதன் 8 ஜிபி வகையைவிடவும் குறைவாக இருந்தது. அந்த ஒப்பீட்டைப் பார்த்த இடத்திலேயே என் மனம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஒரு நிஜ ஃப்ரேமுக்குப் பல ஃப்ரேம்களைத் தானே உருவாக்கிச் செருகும் என்விடியாவின் மல்டி ஃப்ரேம் ஜெனரேஷனை உறவினர் ஒருவரின் கணினியில் ஒரு மாலை மட்டும் பார்த்தேன். காட்சி வழவழப்பாக இருந்தது. ஆனால் அடிப்படை ஃப்ரேம் எண்ணிக்கை குறைவாக இருந்த இடத்தில் மவுஸ் கனமாகத் தோன்றியது. ஒரு மாலை அனுபவத்தை வைத்து அதற்குமேல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

பி580-ஐப் பற்றியும் அதே எச்சரிக்கையோடுதான் எழுதுகிறேன். நண்பர் ஒருவரின் புதிய கணினியில் அது நன்றாகவே ஓடியது. 12 ஜிபி என்பது மதிப்புக்குரிய அளவு. அறிமுக விலையிலும் மூன்றில் அதுவே குறைவு. ஆனால் அந்தக் கார்டு முழுத் திறனைக் காட்ட ப்ராசஸர் கார்டின் முழு நினைவகத்தையும் ஒரே நேரத்தில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி இயங்க வேண்டும். பழைய ப்ராசஸரோடு சேர்த்தால் அதன் டிரைவர் ப்ராசஸர்மேல் ஏற்றும் சுமையால் வேகம் குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது. என் ப்ராசஸருக்கு வயதாகிவிட்டது என்பதால் அதை விட்டுவிட்டேன். புதிதாகக் கணினி கட்டுபவர் அவ்வளவு எளிதாக அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

8 ஜிபி வகைகள் யாருக்குமே உதவாது என்று சொல்வதற்கில்லை. வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்ற போட்டி விளையாட்டுகளோடு நின்றுவிடுபவருக்கு அவை போதும். அத்தகையவர் 9060 எக்ஸ்டியின் 8 ஜிபி வகையை வாங்கி மிச்சத்தை நல்ல திரைக்குச் செலவிடலாம். தம்பி அப்படிப்பட்டவன்தான். அவனுடைய இப்போதைய கார்டே அவற்றுக்குப் போதும் என்பதால், இப்போது எதையும் வாங்க வேண்டாம் என்றுதான் அவனிடம் சொன்னேன். மறுவிற்பனையில் 16 ஜிபி கார்டுக்குக் கூடுதல் மதிப்பு இருக்கும் என்பது என் ஊகம். என் பழைய கார்டை விற்கப்போனபோது ஒவ்வொருவரும் முதலில் கேட்டது அதில் எத்தனை ஜிபி என்பதைத்தான்.

வாங்க முடிவெடுத்தவர்கள், பெட்டியில் மாதிரிப் பெயரை மட்டும் பார்க்காமல் ஜிபி அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் ஒன்றேதான், எண் மட்டுமே வேறு. என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறுபவர்கள் பழைய டிரைவரை முழுவதுமாக நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுவது நல்லது. மதர்போர்டின் பயாஸில் ரீசைசபிள் பாரை இயக்கி, பதினாறு லேன்களும் உள்ள மேல் ஸ்லாட்டில் கார்டைப் பொருத்த வேண்டும். கீழ் ஸ்லாட்டில் நீளம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே பல போர்டுகளில் நான்கு லேன்கள்தான் இருக்கும்.